பதினைந்து கிராம்

குலசேகரம் சந்தைக்கு எதிர்த்த கடை.
ஷட்டர் பாதிகூட ஏறவில்லை,
தங்கலீலா நிற்கிறாள்
பால்வெட்டு முடித்த கையோடு.
விரலிடுக்கில் ரப்பர் பால் காய்ந்து
இன்னொரு தோலாக உரிந்து தொங்குகிறது.

"அந்த டியூபு ஒண்ணு தாருங்க.
முந்தி சொறிக்குத் தந்தீங்கல்லா, அதுதான்."

சீட்டு இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.
அவளுக்குப் பேருந்து வந்துவிடும்.
எனக்கும் இன்னும் போணி ஆகவில்லை.

மழை விட்ட மூன்றாம் நாள்
பேச்சிப்பாறை ஏற்றத்தில் கால் வழுக்கி
கத்தி மரத்தை விட்டு
அவள் கணுக்காலுக்கு மேலே இறங்கியிருந்தது.
அதை அவள் சொல்லவில்லை.
நானும் மேசைக்கு மேலேதான் பார்த்தேன்.

களிம்பு நல்ல களிம்பு.
சொன்னதைச் செய்யும்.
இரண்டே நாளில் வீக்கம் வடிந்தது,
சிவப்பு போனது, சூடு போனது,
வலி கூப்பிட்டாலும் கேட்காத தூரத்துக்குப் போனது.
"பொன்னுபோல ஆச்சு" என்றாள்
மூன்றாம் டியூப் வாங்கும்போது.

மூன்றாம் டியூப்.
அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இருபத்தாறாம் நாள்
முக்காலியில் காலைத் தூக்கி வைத்துக் காட்டினாள்.
வெளிறிய மெழுகு.
கத்தி பட்ட அன்று எவ்வளவு திறந்ததோ
அவ்வளவும் அப்படியே திறந்து,
ஓரத்துத் தோல் வெங்காயச் சருகாய் மெலிந்து,
உள்ளே ஒன்றுமே நடக்காத ஒரு புண்.
சத்தமில்லாத வீட்டைப் பார்த்து
நிம்மதியான வீடு என்று நினைத்துவிட்டோம்.
ஆளில்லாத வீடும் அப்படித்தான் இருக்கும்.

பார்மசி படித்தபோது இது ஒரு பக்கம்,
ஐந்து மார்க் கேள்வி:
ரத்தம் நின்றதும் வெள்ளணுக்கள் வரும்,
செத்ததைத் தின்னும்,
தின்றபின் ஆளனுப்பும்
சதை நெய்கிறவர்களை வரச்சொல்லி.
அத்தனை பேர் வந்திறங்கும் நெரிசல்தான்
அந்தச் சிவப்பு, அந்தச் சூடு.
நான் விற்றது
வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பும்
பதினைந்து கிராம்.

இதை எப்படிச் சொல்ல என்று
நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்க
அவளே கேட்டாள்:
"மரத்துப் பட்டையில மருந்து பூசுவோம்லா, அதுமாதிரியா?
பூசினா வெட்டு சட்டுனு அடையாது,
பாலு நிக்காம ஒழுவும்.
மொதலாளிக்கு சந்தோசம்."

அதுமாதிரிதான் என்றேன்.
மூன்று டியூப் காசு
கல்லாவில் எந்த நோட்டாகக் கிடக்கிறது
என்று யோசித்தபடி.

ஆசாரிப்பள்ளத்தில் களிம்பை நிறுத்தினார்கள்.
உப்புநீரில் கழுவினார்கள், கட்டினார்கள்.
ஆறாம் நாள் போனில் கத்தினாள்:
"வலிக்கி. செவந்து கெடக்கு.
நல்லா இருந்தத கெடுத்துப் போட்டாவ."
சீழ் உண்டா? இல்லை.
காய்ச்சல் உண்டா? இல்லை.
அலமாரிப் பக்கம் திரும்பி நின்று
யாருக்கும் தெரியாமல் சிரித்தேன்.

மாதுளை முத்தாய்ச் சதை வந்தது,
தொட்டால் கசிகிற சதை.
பிறகு அரிப்பு, இரவெல்லாம்.
வந்த சதைக்கு நிறுத்தத் தெரியவில்லை;
விளிம்பைத் தாண்டிப் பொங்கி நின்றது.
ஏற வழியின்றிச் சுற்றிலும் காத்திருந்தது தோல்.

இன்று காலை அவள் கையில் சீட்டு,
ஆஸ்பத்திரி முத்திரையோடு.
பொங்கிய சதையின் மேல் மட்டும்,
பொட்டளவு, மூன்று நாள்:
அதே களிம்பு.

இரண்டு முறை படித்தேன்.
பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தேன்.
"என்ன, இல்லியா?"

இருந்தது.
கைக்கெட்டும் தட்டில், முதல் வரிசையில்,
எப்போதும் நான் வைக்கும் இடத்தில்.

டியூப் மேல் பேனாவால் 3 என்றெழுதி
வட்டம் போட்டேன். இன்னொரு வட்டமும்.
அவள் போனபின்
மிச்சமிருந்ததை எல்லாம்
ஏணி வைத்தால் எட்டும் தட்டில் ஏற்றினேன்.

மாலைக்குள் நான்கு பேர் கேட்டார்கள்.
இரண்டு பேரிடம் எங்கே, காட்டுங்க என்றேன்.
மற்ற இருவருக்கும்
பேருந்து வந்துவிட்டது.